தங்கை பாத்தியில் காய்த்த தக்காளி

இன்று காலையில் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்த நேரம் பார்த்துப் போன் கிணுங்கியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை ஒரு படம் போட்டிருந்தாள். மொட்டை மாடியில் வரிசையாகப் பைகள், பை நிறையச் செடி, செடி நிறையத் தக்காளி. கல்யாணப் பெண்ணின் முகவாயைத் தூக்கிக் காட்டுவது போல ஒரு கொத்தைக் கையில் தாங்கிப் பிடித்திருக்கிறாள். கீழே ஒரு வரி: "நம்ம மாடித் தக்காளி. மருந்தே அடிக்கல." என் மகன், மருமகள், தங்கையின் பேத்தி என்று ஆளாளுக்குக் கைதட்டும் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று அனுப்பினேன். பிறகு என் மாடிக்கு ஏறிப் போய் என் பைகளைப் பார்த்தேன். செடி இருந்தது, பூவும் இருந்தது. காய் என்று சொல்லிக்கொள்ளச் சுண்டைக்காய் அளவில் ஏதோ தொங்கியது. காப்பி குடிக்காமலேயே வயிறு எரிந்தது.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். வயதானால் இதெல்லாம் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூட்டுத் தேய்கிறது, கண் மங்குகிறது, கடைவாயில் பல் ஆடுகிறது. பொறாமைக்கு மட்டும் ஒரு கேடும் வருவதில்லை. உங்களுக்கும் ஒரு தங்கையோ ஓரகத்தியோ இருப்பாள். நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. என் பொறாமை பிறந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஆறாம் வகுப்பு, அவள் நாலாம் வகுப்பு.

அப்பா பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போய்வரும் வண்டி. நாங்கள் எழும் முன் போய்விடுவார், தூங்கப் போகும் நேரத்துக்கு வருவார். தோல் பையைச் சுவர் ஆணியில் மாட்டும்போது அடியில் சில்லறை குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு அப்பா. அந்தப் பை இப்போது யாரிடமும் இல்லை. வீடு மாறியபோது பழைய சாமானோடு போய்விட்டது.

அந்தப் பைக்குள்தான் ஒரு புரட்டாசிக் கடைசியில் தக்காளி நாற்று வந்தது. ஈரச் சாக்கில் சுற்றி, வாழை நாரால் கட்டி. ஒட்டன்சத்திரத்தில் நாற்று விற்கும் அம்மாள் ஒருத்தி தினமும் அப்பா வண்டியில் ஏறுவாளாம். "கண்டக்டரு ஊட்டுக்குன்னே எடுத்து வெச்சனுங்க" என்று கொடுத்தாளாம். அப்பா அவளைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டினார். பிறகு நாற்றைத் தரையில் பரப்பி இரண்டு பங்காகப் பிரித்தார்.

"பெரியவளுக்கு இது, சின்னவளுக்கு இது. தையில கோயில் திருவிழா வருதுல்ல? யாரு பாத்தி மொதல்ல கூடை நெறையக் குடுக்குதோ அவ என்கூட முன்னாடி நடந்து வரட்டும். கூடைய அவதான் தலையில வச்சுக்கிட்டு வரணும்."

எங்கள் தெருக் கோயில் திருவிழாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். திருவிழா அன்று வீட்டுக்கு வீடு அரிசி, ஆடு, கோழி, வெங்காயம், தக்காளி என்று முடிந்ததைக் காணிக்கையாகக் கொண்டு போவார்கள். பேகம்பூர்ப் பாய் வீடுகளிலிருந்துகூட அரிசி வரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, ஆள் உயர அண்டாக்களில் சமைத்து, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். காணிக்கை கொண்டு போகும்போது முன்னால் பேண்டு வாத்தியம் போகும். அப்பா அன்று காக்கியைக் கழற்றிவிட்டு வெள்ளை வேட்டி கட்டுவார். அந்த வேட்டிக்குப் பக்கத்தில், ஊர் பார்க்க, தலையில் கூடையோடு நடப்பது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் அதுதான் வேண்டும் என்பதுதான் தொந்தரவு.

வீட்டின் பின்சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு சந்து. குளியலறைப் பக்கம் என் பாத்தி. அடுப்படிக் கதவுப் பக்கம் அவள் பாத்தி. இரண்டும் ஒரே செம்மண், ஒரே நாற்று, ஒரே வெயில். தண்ணீர் மட்டும் ஒன்றல்ல.

அந்தக் காலத்துத் திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள், தண்ணீருக்காக. குழாயில் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் கல்யாணம்தான். அதனால் செடிக்கென்று நல்ல தண்ணீர் கிடையாது. அம்மா பங்கு வைத்தாள். குளித்து வழிகிற தண்ணீர் எனக்கு, அரிசி களைந்த தண்ணீர் தங்கைக்கு. எனக்குச் சோப்பு நுரை. அவளுக்கு வெள்ளை வெளேரென்று பால் மாதிரி.

"எனக்கு ஏன் சோப்புத் தண்ணி?"

"அவ சின்னப் புள்ளடி. வாளியத் தூக்க மாட்டா. அரிசித் தண்ணின்னா சொம்புல கொண்டு போயிருவா."

நெளிந்துபோன ஒரு ஈயச் சொம்பு அது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிந்தாமல் நடந்து போவாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்று அந்தச் சொம்பையே பார்ப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம். பூவைப் பார்த்தாலே தெரியும், சாடை ஒன்றுதான். இந்த மண்ணில் முதலில் இருந்தவள் கத்தரி. தக்காளி பின்னால் கப்பல் ஏறி வந்தவள். எங்கள் அம்மாவின் சின்ன வயதில்கூடக் குழம்பென்றால் புளிதானாம், தக்காளி எப்போதாவது எட்டிப் பார்க்குமாம். இப்போது பாருங்கள், ரசம், சாம்பார், சட்னி, பிரியாணி என்று அவள் ஏறி உட்காராத சட்டி உண்டா? விலை ஏறினால் டிவியில் செய்தி வருகிறது. கத்தரிக்கு என்றைக்காவது வந்திருக்கிறதா? மூத்தவள் முள்ளோடும் புழுவோடும் மூலையில் கிடக்கிறாள். அந்த வருஷம் முழுக்க எனக்குக் கத்தரிக்காயின் மேல்தான் பாசம்.

சோப்புத் தண்ணீருக்கு ஈடுகட்ட நான் எருவில் இறங்கினேன். எதிர்வீட்டு ஆட்டுக் கொட்டிலில் புழுக்கை அள்ளி வந்தேன். தாடிக்கொம்புப் பக்கம் விவசாயம் பார்த்த தாய்மாமா வந்தபோது அவரை விடவில்லை. அடுத்த முறை வருகையில் ஒரு பொட்டலம் யூரியா கொண்டு வந்தார். சர்க்கரை மாதிரி வெள்ளைக் குருணை. "ஒரு சிட்டிகை போதும், ஆத்தா" என்றார். சிட்டிகை போட்டேன். செடி ஒரு சுற்றுப் பெருத்தது. மறுபடி போட்டேன். பொட்டலம் தீரும்வரை போட்டேன்.

கார்த்திகை மழையும் சேர்ந்துகொள்ள என் செடிகள் என் உயரத்துக்கு வந்துவிட்டன. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சை. குச்சி ஊன்றிக் கட்டிவிட்டேன். கட்டி முடித்துக் கையைக் கழுவினால் தண்ணீர் மஞ்சள் பச்சையாக ஓடும். எத்தனை கழுவினாலும் சோற்றில் கை வைக்கையில் அந்தக் காட்டமான இலைவாசம் வரும். இப்போதும் அந்த வாசம் வந்தால் நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுகிறேன்.

தங்கையின் செடிகள் அவள் முழங்காலைத் தாண்டவில்லை. வெளிறிப் போய், பார்க்கவே பாவமாக நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அப்பா இரண்டு பாத்திகளையும் பார்த்தார். என் செடியின் தண்டைப் பிடித்து ஆட்டினார். "செடின்னா இதுல்ல செடி. எலை இம்புட்டு வந்தா காய் தன்னால வரும். கூடை பெரியவளுக்குத்தான்" என்றார். தங்கை அடுப்படிப் படியில் உட்கார்ந்து அழுதாள். மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட்ட கறிச்சோறு போல அதன் பிறகு ஒரு சாப்பாடு எனக்கு அமையவில்லை. அழகாக மாற்றிச் சொல்லலாம்தான். ஆனால் நடந்தது இதுதான்.

அப்பாவின் கணக்கு தப்பு என்று இப்போது தெரிகிறது. அப்படி உரம் தின்ற செடி இலையாகப் போட்டுக்கொண்டே இருக்கும். பூக்க வேண்டும் என்ற நினைப்பே அதற்கு வராது. அரைவயிற்றுக்குக் குடித்துக் கிடந்த தங்கையின் செடிகள்தான் மார்கழிப் பனியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. பூ உதிர்ந்த இடத்தில் பச்சை மணி போல் பிஞ்சு வந்தது. என் காட்டை விலக்கிக்கொண்டு நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் கை தானாக நீண்டது. "அங்க பாரு, காய்" என்றேன்.

பிஞ்சைச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டக் கூடாது, அழுகிவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அம்மா, அக்கா வெரல நீட்டிக் காட்டுது" என்று கத்திக்கொண்டே வந்து என் சடையைப் பிடித்தாள். நான் அவள் சடையைப் பிடித்தேன். அம்மா கரண்டியோடு வந்து பிரித்துவிட்டாள். இரண்டு பாத்திகளுக்கும் நடுவே குறுக்காகச் செங்கல் அடுக்கினாள்.

"இந்தக் கல்லைத் தாண்டி அவ இந்தப் பக்கம் வரக் கூடாது, நீ அந்தப் பக்கம் போகக் கூடாது. எவ தாண்டினாலும் அவ செடிய வேரோட புடுங்கி மாட்டுக்குப் போட்டுருவேன்."

அம்மா சொன்னால் செய்துவிடுவாள். அன்றிலிருந்து நான் குளியலறைப் பக்கமாகவே வருவேன், அவள் அடுப்படிக் கதவு வழியாகவே வருவாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். செங்கல் வரிசைக்கு மேலே ஒரு கம்பு நட்டிருந்தது. கம்பின் தலையில் ஒரு மண்சட்டி கவிழ்த்திருந்தது, கரி பூசிய சட்டி. அதில் சுண்ணாம்பில் ஒரு மூஞ்சி. இரண்டு வட்டக் கண், மூக்குக்கு ஒரு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. கண்ணேறு படாமல் இருக்கத் தோட்டங்களில் வைப்பார்களே, அதே சட்டிதான். யார் பார்வைக்குப் பயப்படுகிறோமோ அந்தப் பக்கம் திருப்பித்தான் வைப்பார்கள். அது என் பாத்தியைப் பார்த்து நின்றது, அதாவது என்னைப் பார்த்து.

பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனேன். அம்மா விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டி யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. கண்ணு எல்லாருக்குந்தான் இருக்கு. போயி மூஞ்சியக் கழுவு."

மூஞ்சியைக் கழுவினேன். கழுவும்போது தண்ணீரில் என் கண்ணைப் பார்த்தேன். பெற்றவளே பயப்படும் கண் எப்படியிருக்கும் என்று பார்த்தேன். அன்றிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டிக்குக் கேட்கும்படி "பாத்துக்கோ, நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வருவேன்.

அப்பாவுக்கும் அந்தச் சட்டி பிடிக்கவில்லை. "கோயிலுக்குப் போற வீட்டுல இது என்ன பூச்சாண்டி?" என்று அம்மாவிடம் சடைத்துக்கொண்டார். அம்மா குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வந்த ஓலைச் சிலுவையைக் கொண்டு வந்து அதே கம்பில் செருகிவிட்டுப் போனாள்.

சட்டியோ சிலுவையோ, எதனாலோ தங்கையின் காய் எதுவும் அழுகவில்லை. பொங்கல் கழிந்ததும் காய்கள் நிறம் திரும்பின. நாட்டுத் தக்காளி, பூசணி போல மடிப்பு மடிப்பாக, தோல் கண்ணாடி மாதிரி. வெயில் ஏறினால் அந்தப் பக்கத்திலிருந்து புளிப்பும் இனிப்புமாக வாசம் வரும். அவள் ஒவ்வொன்றாகப் பறித்து வைக்கோலில் அடுக்கும் சத்தத்தை நான் இலைகளுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். கூடை நிறைந்தது.

காணிக்கை விசாரிக்கக் கோயில் உபதேசியார் வீட்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் அப்பா அவசரமாகப் பின்னால் போனார். கம்போடு சட்டியைப் பிடுங்கி, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடையில் வீசினார். டமார் என்று உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. ஓலைச் சிலுவையை நிலைப்படியில் செருகினார். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. ஆனால் அதற்குள் அந்தச் சட்டி தன் வேலையை முடித்துவிட்டது.

திருவிழா அன்று பேண்டு முன்னால் போனது. வெள்ளை வேட்டியில் அப்பா. பக்கத்தில் பச்சைப் பாவாடை கட்டி, தலையில் துண்டைச் சும்மாடு சுற்றி, கூடையோடு அவள். கனம் தாங்காமல் கழுத்து ஆட, அப்பா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டார். நான் அம்மாவோடு பின்னால் வந்தேன். தெருவில் எவளோ ஒருத்தி, "கண்டக்டரு மக பாத்தியில வெளஞ்சதாம்ல" என்று சொன்னாள். கண்டக்டருக்கு ஒரே மகள் என்று அவள் நினைத்திருக்கலாம்.

கோயில் வாசலில் கூடையை வாங்கிய ஆள் அதைத் தக்காளிக் குவியலில் கவிழ்த்தார். ஒரு நொடிதான். எது அவளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் உதடு பிதுங்கியது. ஆனால் பந்தியில் உட்கார்ந்ததும் அதே யோசனை என் தலையில் திரும்பி விழுந்தது. எது அவளுடையது என்று தெரியாதென்றால், எந்த அண்டாவிலும் அது இருக்கலாம். இலையில் சோறு விழுந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு வாளி வந்தது. மல்லியும் பட்டையும் மணக்கும் சிவப்புக் குழம்பு, அதற்காகவே ஒரு வருஷம் காத்திருப்போம். நான் கையைக் குறுக்கே நீட்டி வேண்டாம் என்றேன். ரசம் வந்தது; அதுவும் வேண்டாம் என்றேன். உப்பைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றேன்.

"ஏன்டி, புள்ளைக்கு என்ன?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

அம்மா என்னைச் செத்த நேரம் பார்த்தாள். "வயித்து வலியாம். விடுங்க" என்றாள்.

வலி என்றது பொய்யில்லை. இடம் மட்டும்தான் கொஞ்சம் மேலே.

கதை அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மாசியில் என் செடிகள் பூத்தன. தின்ற உரமெல்லாம் தீர்ந்த பிறகு அவற்றுக்குப் புத்தி வந்தது. வந்ததும் கண்ணு மண்ணு தெரியாமல் காய்த்தன. கிளை ஒடியக் காய்த்தன. ஆனால் அப்போது ஊரெல்லாம் தக்காளி. ஒட்டன்சத்திரத்தில் வாங்க ஆளில்லாமல் ரோட்டில் கொட்டினார்கள். அப்பா வண்டியில் ஏறிய ஆட்களெல்லாம் சும்மா கொடுத்த தக்காளியைத் தினமும் பை பையாகக் கொண்டு வந்தார். என் கூடையை நான் நீட்டியபோது, "அடேயப்பா, இன்னுமா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா எல்லாவற்றையும் நசுக்கி, வெயிலில் வைத்து, நல்லெண்ணெய் ஊற்றித் தொக்கு கிண்டினாள். அந்தப் பீங்கான் ஜாடி ஆடி வரைக்கும் வந்தது. அதை அதிகம் தின்றவள் தங்கைதான்.

இன்று மத்தியானம் அவளே போன் பண்ணினாள்.

"அக்கா, படம் பாத்தியா?"

"பாத்தேன். தடிச்ச தோலு போலருக்கு. ரசத்துக்கு ஆகாது."

"ரசம் வச்சுக் குடிச்சிட்டுத்தான் படமே போட்டேன். உன் செடி எப்படி இருக்கு?"

"எலை நல்லா வந்திருக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது. "நான் மாடியில ஒரு சட்டி கவுத்து வச்சிருக்கேன்க்கா. பேத்தி மூஞ்சி வரைஞ்சா. நம்ம அம்மா வச்ச சட்டி ஞாபகம் வந்துச்சு."

எனக்கு இதைத்தான் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக இருந்தது. "ஆமா, எனக்குன்னு வச்ச சட்டி. நான் கண்ணு வச்சிருவேன்னு."

"உனக்கா? எனக்குல்ல வச்சுச்சு. உன் செடி அம்புட்டு ஒசரம் வந்திருச்சு, இவ பாத்து ஏங்குறான்னு எம் பக்கம் திருப்பி வச்சுச்சு. நான் அடுப்படிக் கதவத் தொறந்தா என்னையவே மொறச்சுக்கிட்டு நிக்கும்."

"என்னையத்தான் பாத்துச்சு. தெனமும் நான் அதுகூடப் பேசியிருக்கேன்."

"நானும் பேசியிருக்கேன்."

இரண்டு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது. ஒரே சட்டி. அம்மா இரண்டு பக்கமும் மூஞ்சி வரைந்து நட்டிருக்கிறாள். கல்லைத் தாண்டக் கூடாது என்றதால் அவரவர் பக்கத்து மூஞ்சியை மட்டும் நாங்கள் பார்த்திருக்கிறோம். உடைந்தபோது அது சாக்கடையில் கிடந்தது. கண் எல்லாருக்கும்தான் இருக்கிறது என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாளே, வார்த்தைக்கு வார்த்தை அதைத்தான் செய்து வைத்திருக்கிறாள். சிரித்தோம். அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அம்மா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"உன் பக்கத்து மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஐயோ, அதக் கேக்காத. உருட்டுன கண்ணு, முறுக்குன மீசை. மேலயும் கீழயும் வரிசையா பல்லு. செங்கப்பொடியக் கொழச்சு செவப்பா ஒரு நாக்கு வேற, தாடை வரைக்கும் தொங்கும். உன் பக்கமும் அப்படித்தான?"

"ஆமா" என்றேன். "அதேதான்."

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா என் கண்ணுக்கு அவ்வளவாகப் பயப்படவில்லை. பெரியவளுக்கு ஒரு கோடு போதும் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் என் செடிகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பதற்குள் அந்தப் பெருமை கரைந்துவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மா அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். செங்கல்லை இடித்து, சலித்து, குழைத்திருக்கிறாள். தங்கை பக்கத்துக்கு ஒவ்வொரு பல்லாக வரைந்திருக்கிறாள். பிறகு சட்டியைத் திருப்பி, எனக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்திருக்கிறாள்.

எனக்கும் ஒரு பல் வரைந்திருக்கலாம்.